குடும்ப வேனைத் தாழ்த்தலாமா?

மாலை ஐந்து மணிக்குப் பொரளைச் சந்தியில் சற்று நேரம் நின்று பாருங்கள். மருதானை வீதி, வாட் பிளேஸ், கொட்டா வீதி என்று நாலாபுறமிருந்தும் வந்து குவியும் வாகனங்களுக்கு நடுவே, வயிறு தரையில் உரசுமோ என்று பார்ப்பவர் பயப்படும்படி ஒரு வேன் வரும். கறுப்புக் கண்ணாடி, பளபளக்கும் அலோய் ரிம், ரிம்மை மூடிக்கொண்டு இறங்கியிருக்கும் மட்கார்ட். வேகத்தடையைக் கண்டதும் அது ஏறக்குறைய நின்றே விடும். பின்பு நோயாளியைக் கட்டிலிலிருந்து இறக்குவது போல ஒரு பக்கச் சில்லை முதலில் ஏற்றி, மறுபக்கச் சில்லைப் பிறகு ஏற்றிக் கடந்து செல்லும். பின்னால் நிற்கும் பஸ்காரர் ஹோர்ன் அடிப்பார். வேனை ஓட்டும் தம்பிக்கோ அது பாராட்டாகவே கேட்கும்.

வாலிபர் இருவர் தம் சொந்தப் பணத்தில் வாங்கிய வாகனத்தை எப்படி வைத்துக்கொண்டால் நமக்கென்ன என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த வேன்களில் பல, காலையில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்பவை. வெள்ளிக்கிழமை மாலையில் வாப்பும்மாவையும் மாமியையும் ஏற்றிக்கொண்டு மாவனெல்லைக்கோ அக்குறணைக்கோ போகிறவை. வீட்டுக்கு ஒரே வாகனம் அதுதான். அதனால் இந்த விடயம் வாலிபர்களுடைய அலங்காரப் பிரச்சினையோடு நின்றுவிடவில்லை, வீட்டிலுள்ள எல்லோருடைய பிரச்சினையுமாகிவிட்டது.

நம் நாட்டில் குடும்ப வாகனம் என்றால் பெரும்பாலும் டொயோட்டா ஹையேஸ்தான். 1989-இல் ஜப்பானில் வெளிவந்த உருண்டை முகத்து ஹையேஸுக்கு நம்மவர்கள் ‘டொல்பின்’ என்று பெயர் வைத்தார்கள். அதற்கு முந்தியது ‘ஷெல்’. 2004-இல் வந்த புதிய வடிவம் அதன் செசி எழுத்துகளாலேயே ‘கே.டீ.எச்.’ என்று அழைக்கப்படுகிறது. வேறு எந்த நாட்டிலாவது ஒரு வேனுக்கு இத்தனை செல்லப் பெயர்கள் உண்டா என்று தெரியவில்லை. 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருட காலத்தில் இருபது, முப்பது வயதான வேன்களெல்லாம் தங்கமாகிவிட்டன. விற்று வேறு வாங்க முடியாதவர்கள் இருப்பதையே அழகுபடுத்தினார்கள். வர்ணம் பூசினார்கள், ஆசனத்துக்கு உறை தைத்தார்கள். அந்த வரிசையில் வந்து சேர்ந்ததுதான் வேனை ‘லோ’ பண்ணுவது.

எப்படித் தாழ்த்துகிறார்கள்?

ஹையேஸ் வேனின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் இல்லை. அதற்குப் பதிலாக நீளவாக்கில் ஒரு உருக்குக் கம்பி ஓடுகிறது. டோர்ஷன் பார் என்பது இதைத்தான். ஒரு முனை சில்லைத் தாங்கும் கையோடும் மறு முனை செசியோடும் இணைந்திருக்கும். சில்லு மேலே எழும்போது கம்பி முறுகும், முறுகிய கம்பி திரும்ப நிமிரப் பார்க்கும், அதுதான் ஸ்பிரிங். செசிப் பக்கத்து முனையில் உயரத்தைச் சரிசெய்ய ஒரு போல்ட் வைத்திருக்கிறார்கள். நாட்பட்டு வேன் ஒரு பக்கம் சாய்ந்தால் நிமிர்த்துவதற்காகவே கம்பனிக்காரர் அதை வைத்தார்கள். நம்மவர்களோ அதே போல்ட்டைத் தளர்த்தி முன்பக்கத்தை இறக்குகிறார்கள். ஒரு ஸ்பேனரும் அரை மணி நேரமும் போதும். உதிரிப்பாகம் எதுவும் வாங்கத் தேவையில்லை என்பதால்தான் இந்த நோய் இவ்வளவு வேகமாகப் பரவியது.

பின்பக்கத்தில் பட்டை ஸ்பிரிங். இரண்டு விதமாக இதைக் கெடுக்கலாம். ஒன்று, அடுக்கிலிருந்து ஒரு பட்டையைக் கழற்றி எறிவது. மற்றது, அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து நீளமான யூ-போல்ட்டால் கட்டுவது. சுருள் ஸ்பிரிங் உள்ள வாகனமாக இருந்தால் இன்னும் மோசம். கேஸ் சுவாலையால் ஸ்பிரிங்கைச் சூடாக்கி அமரச் செய்வார்கள், அல்லது ஒரு சுற்றை வெட்டி எடுப்பார்கள். உருக்குக்குப் பதம் கொடுத்தது சூட்டாலும் குளிராலும்தான். அதே சூட்டை அளவில்லாமல் காட்டினால் பதம் போய்விடும். வெட்டிய ஸ்பிரிங் குட்டையாகிவிடுவதால், சில்லு பள்ளத்தில் தொங்கும்போது தன் இருக்கையை விட்டே நழுவவும் கூடும்.

இதையெல்லாம் முறையாகச் செய்யும் வழியும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. அந்த மொடலுக்கென்றே தயாரித்த குட்டையான, சற்று விறைப்பான ஸ்பிரிங். அதற்குப் பொருத்தமான ஷொக் அப்சோபர். அதன்பின் சில்லு எலைன்மென்ட். ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் இப்படி இறக்கிய கார், வளைவில் குறைவாகச் சாயும். பாரத்தின் மையம் தரைக்கு நெருங்குவதால் அது இயற்கையாக வருகிற நன்மை. பந்தயக் கார்கள் தரையோடு ஒட்டியிருப்பதும் அதனால்தான். ஆனால் பந்தயக் காரில் ஒருவர்தான் போகிறார். அவருக்குப் பக்கத்தில் பிரியாணிச் சட்டி இருப்பதில்லை.

ஒன்பது பேர் ஏறினால்

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஆளுக்கு 60 கிலோ என்றால் ஒன்பது பேருக்கு 540 கிலோ. பெட்டி படுக்கை, சாப்பாடு, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் சேர்த்தால் 600 கிலோவைத் தாண்டும். இந்தப் பாரம் ஏறும்போது ஸ்பிரிங் அமர வேண்டும், அமர்ந்த பிறகும் பள்ளம் மேட்டுக்கு இடம் மிச்சமிருக்க வேண்டும். அச்சு மேலே எழும்பிச் செசியில் மோதாமல் இருக்க ஒரு ரப்பர்த் தடுப்பு இருக்கிறது. வேன் காலியாக நிற்கும்போது அச்சுக்கும் அந்த ரப்பருக்கும் இடையே மூன்று அங்குலம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அங்குலம் தாழ்த்தினால் மிஞ்சுவது ஒன்று. குடும்பம் ஏறியதும் அந்த ஒன்றும் போய்விடும். அதற்குப் பிறகு வேனுக்கு ஸ்பிரிங்கே இல்லை. ரப்பரின் மேல்தான் ஓடுகிறது. ஒவ்வொரு குழியும் நேரே ஆசனத்துக்கு வரும், ஆசனத்திலிருந்து முதுகெலும்புக்கு வரும்.

முதுகு வலியோடு போனால் பரவாயில்லை. வளைவில் திரும்பும்போது ரப்பர் மோதினால் அந்தச் சில்லின் மேல் பாரம் திடீரென்று ஏறி டயரின் பிடி விட்டுப்போகும். கடுகண்ணாவை ஏற்றத்தில் மழை நேரத்தில் அப்படி நடந்தால் என்னவாகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை.

இன்னொரு கேடு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. முன்பக்கம் இறங்கும்போது சில்லின் தலை உள்ளே சாயும். சில்லு நேரே பார்க்கும் கோணமும் மாறும். டயரின் உள் ஓரம் தேயத் தொடங்கும். வெளியே இருந்து பார்த்தால் டயர் புதிது மாதிரித்தான் இருக்கும். உள் ஓரத்தில் கம்பி தெரியும். இந்த டயரோடு தெற்கு அதிவேக வீதியில் மணிக்கு 100 கிலோமீற்றரில் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்டியரிங் கம்பிகளும் தம் பழைய கோணத்தை இழப்பதால், மேடு பள்ளத்தில் சில்லு எழும்பும்போது சாரதி திருப்பாமலே வேன் சற்றுத் திரும்பும். “வேன் இழுக்குது” என்று பலர் சொல்வதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

முன்னால் விடப் பின்னால் அதிகம் இறங்கிவிட்டால் ஹெட்லைட் மேலே பார்க்கும். எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். அவர் நம்மீது வந்து மோதினால் குற்றம் அவருடையது என்றுதான் நாம் சொல்வோம்.

பிரேக்கை ஏமாற்றும் கம்பி

பலருக்குத் தெரியாத ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. டொல்பின் போன்ற வேன்களின் பின் அச்சருகே குனிந்து பார்த்தால், அச்சிலிருந்து செசிக்கு ஒரு மெல்லிய கம்பி போவது தெரியும். அதன் மேல்முனை ஒரு சிறிய வால்வோடு இணைந்திருக்கிறது. வேனில் எவ்வளவு பாரம் இருக்கிறது என்று பிரேக்குக்குச் சொல்வது அதன் வேலை. பாரம் ஏறினால் செசி அச்சுக்கு நெருங்கும், கம்பி அசையும், வால்வு பின் சில்லுகளுக்கு அதிக பிரேக் அழுத்தத்தை விடும். வேன் காலியாக இருந்தால் அழுத்தத்தைக் குறைக்கும். காரணம், பிரேக் பிடிக்கும்போது வாகனத்தின் பாரமெல்லாம் முன்னால் சாய்கிறது; காலி வேனின் பின் சில்லுகள் இலேசாகிவிடும். அந்த நேரத்தில் முழு பிரேக்கும் அங்கே போனால் சில்லு பூட்டிக்கொள்ளும். பூட்டிய பின் சில்லு வழுக்கும். வேனின் வால் முன்னால் வரப் பார்க்கும்.

இப்போது வேனைத் தாழ்த்தினால் என்ன நடக்கிறது? யாரும் ஏறாமலே செசி அச்சுக்கு நெருங்கிவிட்டது. வேன் நிறைய ஆட்கள் இருப்பதாக வால்வு நம்பிக்கொண்டிருக்கும். முறையான மெக்கானிக் தாழ்த்திய பின் இந்தக் கம்பியையும் சரிசெய்வார். அரை மணி நேர வேலைக்காரர் அதைத் தொடவே மாட்டார், சிலர் கழற்றியும் விடுவார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இது நடந்தது. பொரளையில் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறார்கள், வீட்டில் ஒன்பது பேர். டொல்பின் வேன் ஒன்று. வாப்பாவின் வியாபாரத்துக்கும் அதுதான், வீட்டுக்கும் அதுதான். இளைய மகன் வேனைத் தாழ்த்த வேண்டும் என்று மாதக்கணக்கில் கேட்டுப் பார்த்தான். வாப்பா அசையவில்லை. கடைசியில் அவன் உம்மும்மாவைப் பிடித்தான்.

“உம்மும்மாக்கு முழங்கால் வருத்தம் வாப்பா. வேன் உயரமா இருக்கிறதால ஏற ஏலாம கஷ்டப்படுறாங்க. கொஞ்சம் இறக்கினா அவங்களுக்கு லேசு.”

அந்தப் பேச்சில் வீடே கரைந்துவிட்டது. முன்னே போல்ட்டைத் தளர்த்தி, பின்னே கட்டை வைத்து மூன்று அங்குலம் இறக்கினார்கள். உம்மும்மாவுக்கு ஏறுவது சற்று இலகுவானது உண்மைதான். ஆனால் அக்குறணைக்குப் போய் வந்த முதல் பயணத்திலேயே அவர் படுக்கையில் விழுந்தார். “இது வேனா, மாட்டு வண்டியா மகன்?” என்று கேட்டாராம். மாட்டு வண்டி அவருக்குப் பழக்கம், அதனால் அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

பெரிய விடயம் அதற்குப் பிறகு நடந்தது. மழை தூறிய ஒரு மாலையில் வாப்பா தனியாகப் பேஸ்லைன் வீதியில் வந்துகொண்டிருந்தார். முன்னால் ஒரு முச்சக்கர வண்டி சட்டென்று நிற்க, இவர் பிரேக்கை மிதித்தார். வேன் நின்றது, ஆனால் நேராக நிற்கவில்லை. வால் சுழன்று வீதியின் நடுத்தடுப்பில் அடித்து நின்றது. எவருக்கும் காயமில்லை, அல்ஹம்துலில்லாஹ். முப்பது வருடமாக வாகனம் ஓட்டும் மனிதர் அவர். ஒரு வாரம் வேனைத் தொடவில்லை.

பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு பழைய மெக்கானிக்கிடம் வேனைக் கொண்டுபோனார்கள். அவர் வேனுக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து சொன்ன முதல் வார்த்தை: “ஹாஜியார், இந்தக் கம்பியை யாரும் பார்க்கலியா?” பிரேக் வால்வின் கம்பியைத்தான் சொன்னார். பிறகு யூ-போல்ட்டுகளைக் காட்டினார். நட்டுகளில் இரண்டு கையாலேயே சுழன்றன. அவை முழுவதும் கழன்றிருந்தால் அச்சே இடம் மாறியிருக்கும். அந்த நாளில் மகன் ஒன்றும் பேசாமல் நின்றான் என்று தாயார் சொன்னார். பாவம், அவனுக்கு வேனின் அழகு தெரிந்தது. அடியில் இருப்பது தெரியவில்லை. அதைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியவர் கட்டை வைத்துக் காசு வாங்கியவர்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் இதற்கு அடிப்படை 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். பதிவுப் புத்தகத்தில் உள்ளதிலிருந்து வாகனத்தை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். வீதியில் ஓடத் தகுதியற்ற நிலையில் வாகனத்தைச் செலுத்துவதும் குற்றம். 2025 ஜனவரியில் பொலிஸார் நாடெங்கும் அனுமதியற்ற மாற்றங்களையும் மேலதிக அலங்காரங்களையும் சோதிக்கத் தொடங்கியபோது பஸ்காரர்களும் முச்சக்கர வண்டிக்காரர்களும் சத்தம் போட்டார்கள். மேலதிக லைட்டும் ஹோர்னும் கழற்றப்பட்டன. வேனின் அடிப்பாகத்தைக் குனிந்து பார்ப்பதுதான் எல்லோருக்கும் கஷ்டம்.

காப்புறுதியையும் யோசியுங்கள். கம்பனிக்குத் தெரிவிக்காமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பிறகு வெளிப்பட்டால், இழப்பீட்டுப் பேச்சில் முதலில் மேசைக்கு வருவது அதுதான். வருடா வருடம் கட்டிய பணம் அப்போது உதவாமல் போகலாம்.

மற்ற நாடுகளில் இது எவ்வளவு பழைய சண்டை என்று தெரிந்தால் ஆச்சரியமாக இருக்கும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் பெரிய குடும்பக் கார்களைத் தரையோடு இறக்கி மெதுவாக ஊர்வலம் போவதை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். ரிம்மின் அடிவிளிம்பைவிடக் காரின் எந்தப் பாகமும் கீழே வரக்கூடாது என்று அங்கே 1958-இல் சட்டம் வந்தது. மறு வருடமே ரொன் அகீரே என்ற இளைஞர் தன் கோர்வெட் காரில் ஹைட்ரோலிக் பம்பு பொருத்தினார். பொலிஸைக் கண்டால் கார் எழும்பும், பொலிஸ் போனதும் படுக்கும்! அந்தக் கார்களுக்கெதிரான கட்டுப்பாடுகளை நீக்கும் சட்டத்தை கலிபோர்னியா 2023-இல் நிறைவேற்றியது. 2024 ஜனவரியிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது.

நம் வேன்கள் வரும் ஜப்பானிலும் தாழ்த்திய வேன்கள் ஏராளம். ஆனால் அங்கே கட்டாய வாகனப் பரிசோதனையில் தரைக்கும் வாகனத்தின் அடிக்கும் இடையே குறைந்தது 9 சென்டிமீற்றர் இருக்க வேண்டும். அளவுநாடா வைத்துப் பார்க்கிறார்கள். இந்தியாவில், கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. கார் கம்பனிகளே தாழ்த்தும் வாகனங்களும் உண்டு. 1955-இல் சித்ரோன் கம்பனி வெளியிட்ட டீ.எஸ். காரில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக எண்ணெயும் காற்றும். நிறுத்தி வைத்தால் தானாகப் படுக்கும், இயந்திரத்தைத் தொடக்கினால் எழுந்து நிற்கும். ஒட்டகம் மாதிரி. பாரம் ஏறினாலும் உயரம் மாறாது. தாழ்ந்து நிற்பதும் சுகமாக ஓடுவதும் சேர்ந்து வர வேண்டுமென்றால் இப்படி அடியிலிருந்து புதிதாக வடிவமைக்க வேண்டும், ஸ்பேனரால் ஆகாது.

ஜப்பானின் வழுவழு வீதியில் ஓடும் வேனின் படத்தைப் பார்த்துவிட்டு நம் ஊரில் அதே மாதிரிச் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நமக்கு மழைக்காலம் இருக்கிறது. கொலன்னாவைப் பக்கம் 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோது தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பதை அங்குள்ள உறவினர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவ்வளவு வெள்ளம் வர வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் அடைமழை பெய்தாலே பல தெருக்களில் முழங்காலளவு நிற்கும். மூன்று அங்குலம் தாழ்ந்த வேனுக்கு அது மூன்று அங்குலம் கூடிய வெள்ளம். லேடி ரிட்ஜ்வே ஆஸ்பத்திரிக்குக் காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் இரவில் பாதி வழியில் வேன் நின்றால் அலோய் ரிம்மின் பளபளப்பு எதற்கு உதவும்?

முதியவர்கள் ஏறுவதற்கு

உம்மும்மாவின் முழங்கால் பிரச்சினை பொய்யல்ல. எத்தனையோ வீடுகளில் முதியவர்கள் வேனின் உயரத்துக்குப் பயந்தே கல்யாண வீட்டுக்கு வராமல் இருந்துவிடுகிறார்கள். ஆனால் ஏறுவதற்கு உதவ வேனையே இறக்க வேண்டியதில்லை. மூன்று அங்குலம் இறக்கினால் படி மூன்று அங்குலம்தான் இறங்கும். நடுவில் ஒரு படி வைத்தால் உயரம் பாதியாகப் பிரிந்துவிடும். பக்கக் கதவின் கீழே பொருத்தும் படிகள் பஞ்சிகாவத்தைக் கடைகளில் கிடைக்கின்றன. கதவோரத் தூணில் ஒரு கைப்பிடி. இரண்டையும் செசியில் உறுதியாகப் போல்ட் போட்டுப் பொருத்தச் சொல்லுங்கள், தகட்டில் திருகாணி போட்டு விடுவது ஆபத்து. அந்தச் செலவும் இல்லாமல், அகலமான கால்களுள்ள ஒரு மரப் பலகை முக்காலியை வேனிலேயே வைத்துக்கொண்டாலும் போதும். முதலில் ஆசனத்தில் பின்புறமாக அமர்ந்து, பிறகு கால்களை உள்ளே எடுக்கச் சொன்னால் முழங்காலுக்கு நோவு குறையும். அந்தப் பொரளைக் குடும்பத்தில் இப்போது முக்காலிதான்.

மகன் ஏற்கெனவே இறக்கிவிட்டான் என்றால் திரும்ப ஏற்றுவது பெரிய காரியமல்ல. பின்பக்கக் கட்டையை எடுத்துவிட்டு, சரியான நீளமுள்ள புதிய யூ-போல்ட்டுகளையே போடுங்கள். ஒருமுறை இழுபட்ட பழையதைத் திரும்பப் பாவிக்கக் கூடாது. கழற்றிய பட்டை காணாமல் போயிருந்தால் அதே மொடலின் முழு அடுக்கையும் வாங்குவது நல்லது. முன்பக்கத்தை இரு பக்கமும் ஒரே அளவாக ஏற்றி, வேனைக் கொஞ்சத் தூரம் ஓட்டி ஸ்பிரிங்கை அமரவிட்டு, சமதரையில் அளந்து பார்க்க வேண்டும். பிரேக் வால்வின் கம்பியைப் பழைய அளவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் செய்ய மாட்டார்கள். அதன் பிறகு எலைன்மென்ட், ஹெட்லைட் சரிபார்த்தல். டயர்களைக் கழற்றி உள் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள், ஒரு பக்கம் தேய்ந்தது இருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். நாலைந்து நூறு கிலோமீற்றர் ஓடியதும் யூ-போல்ட் நட்டுகளை இன்னொரு முறை இறுக்குவதற்காக வேனைத் திரும்பவும் கராஜுக்குக் கொண்டுபோங்கள்.